காட்டு வெற்றிலை என்று நான் சொன்ன இலை

இலையில் மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுக்கும் பைத்தியம் எனக்குத் தொண்ணூறுகளின் நடுவில் பிடித்தது. பைத்தியம் என்பது என் சொல் அல்ல, என் மாமியார் சொன்னது. அப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இப்போது கேட்டால், மாமியார் குறைத்துத்தான் சொன்னார் என்பேன்.

என் வீட்டுக்காரர் சூலூரில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். அச்சகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டின் முன்னறையில் காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் மிஷின், ஒரு கட்டிங் மிஷின், எழுத்துக் கோக்க ஒரு சாய்வு மேசை, அவ்வளவுதான். பில் புத்தகம், நோட்டீஸ், காதுகுத்துப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை என்று வந்ததை எல்லாம் அடிப்போம். தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி. அந்தச் சத்தத்தில் வீட்டுக்குள்ளேயே கத்தித்தான் பேசுவோம். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அடித்ததை மடிப்பது, நம்பர் போடுவது, கட்டுக் கட்டுவது என் பொறுப்பு. சாயங்காலம் மிஷினைத் துடைக்கும்போது ரோலரில் மிச்சமிருக்கும் மையைப் பார்த்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். நல்ல மையை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து எறிவதா? ஒரு நாள் வாசலில் நின்ற பூவரச மரத்தில் ஒரு இலையைப் பறித்து, அடிப்பக்கத்தில் மையை உருட்டி, மேலே காகிதத்தை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்துப் பார்த்தேன். காகிதத்தை உரித்தால், அடேயப்பா! நரம்பு நரம்பாக இலை அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. தினமும் பார்க்கிற பூவரசு. அதற்குள் இத்தனை கோடு ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் கையைக் கட்டி வைக்கவே முடியவில்லை. வேம்பு, புங்கன், கறிவேப்பிலை, கொய்யா என்று தெருவில் ஒரு மரத்தை விடவில்லை. மை அதிகமானால் இலை கறுப்புத் திட்டாக வரும். குறைந்தால் பாதி நரம்பு காணாமல் போகும். பச்சை இலை வழுக்கும், காய்ந்தது நொறுங்கும். பறித்த இலையைப் பழைய டெலிபோன் டைரக்டரியில் ஒரு ராத்திரி வைத்து எடுத்தால் பதமாக இருக்கும் என்று நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லியும் திரிந்தேன். அதுதான் என் குணம். ஒரு பிடி தெரிந்தால் ஒரு மூட்டை பேசுவேன்.

அந்தத் தை மாசம் சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்கு ஆனைமலைக் கோயிலில் காதுகுத்து. விருந்து முடிந்ததும், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மேலே சரணாலயத்தையும் பார்த்துவிடலாம் என்று வேனைத் திருப்பினார்கள். நான், வீட்டுக்காரர், மாமியார், நாத்தனார் நாலு பேரும் அதில் இருந்தோம். செக்போஸ்ட்டில் இருந்தவர் காட்டுக்குள் எதையும் பறிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கீழே விழுந்ததை எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சருகுதானுங்களே, எடுத்துட்டுப் போங்க. வரும்போது பையைக் காட்டிப்போட்டுப் போங்க" என்றார். போதாதா எனக்கு! மற்றவர்கள் யானை தெரிகிறதா, மான் தெரிகிறதா என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தேக்கு, வேங்கை, பெரணி, மூங்கில் தோகை, பெயர் தெரியாத ஏழெட்டு. அடிவாரத்தில் வேன் நின்ற இடத்தில் மந்திகள் ஒடித்துப் போட்ட கிளைகள் கிடந்தன. ஒன்றில் பளபளவென்று வெற்றிலை போல இலை. அதை விட வழவழப்பு. அடியிலிருந்து நுனி வரை வளைந்து ஓடும் நரம்பு. 'காட்டு வெற்றிலை' என்று எனக்கு நானே பெயர் வைத்துப் பைக்குள் போட்டேன். வெற்றிலை கொடியாயிற்றே, இது கட்டைக் கிளையாக இருக்கிறதே என்று யோசிக்கிற அளவுக்கு நிதானம் இருந்தால் நான் எதற்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

வீட்டுக்கு வந்து ஒற்றிப் பார்த்தால் மற்றதெல்லாம் சுமார்தான். தேக்கு சாப்பாட்டுத் தட்டு அளவு. சொரசொரப்பு மையைக் குடித்துவிட்டது. காட்டு வெற்றிலைதான் ராணி. ஒவ்வொரு நரம்பும் பேனாவால் இழுத்தது போல வந்தது.

இனி நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்; அவளும் என்னை நங்கை என்பாள். நான் அவளை அம்மணி என்பேன். மாமனார் இல்லாத வீடு. அவளுக்கு முன்னால் ஒரு சம்பந்தம் நிச்சயமாகி, உப்புச்சக்கரை மாற்றி, மண்டபம் வரைக்கும் பேசி, மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கி நின்றுபோனது. அதில் மாமியார் படுத்தவர், எழுந்து நடமாட மாசக் கணக்காயிற்று. அதற்கப்புறம் வந்த வரன் எல்லாம், "ஒருக்கா நின்னு போனதுங்களா?" என்ற ஒரு கேள்வியோடு போய்விடும். அவள் பாட்டுக்குக் கோயமுத்தூரில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் எட்டு மணி பஸ்ஸுக்கு டிபன் பாக்ஸும் கையுமாக ஓடுவாள். பொழுதோடு வரும்போது முகம் களைத்திருக்கும், ஆனால் வெளிச்சமாக இருக்கும். கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்குவது சின்னதாக்குவது எல்லாம் எங்களுக்குச் சொல்லிக் காட்டுவாள். வயது முப்பதைத் தொடப் போகிறது என்று மாமியார் ஒவ்வொரு சாமியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு வரன் அமைந்தது. தென்னந்தோப்பு, ஒரே பையன், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. முக்கியமாக, பழைய கதை தெரிந்தும் "அதுக்கென்னங்க" என்று சொன்ன குடும்பம். உப்புச்சக்கரை மாற்றிய அன்றைக்கு மாமியார் அழுதது எனக்கு மறக்காது. இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும், இதுவும் நின்றால் மாமியார் பிழைக்க மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சுவரில் பல்லி சத்தமிட்டால்கூட ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம்.

பத்திரிகை நம் அச்சகத்தில்தானே அடிக்கப் போகிறோம், இரண்டு பக்கமும் யானை மாலை போடுகிற வழக்கமான அட்டை வேண்டாம், என் இலையைப் போட்டுப் புதுசாகச் செய்யலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். வீட்டுக்காரர், "எதுக்கு வம்பு?" என்றார். விடுவேனா? ஒற்றி வைத்திருந்த தாள்களை எல்லாம் முன்னறைத் தரையில் பரப்பினேன். வேலை முடிந்து வந்த நாத்தனாரை, "அம்மணி, நீயே ஒண்ணு எடு" என்றேன். சும்மா கேட்டேன். ஏனென்றால் அந்தக் கல்யாணத்தில் அவள் எதையும் எடுக்கவில்லை. சேலை காட்டினால், "எதுனாலும் செரீங்க." நகை காட்டினால், "அம்மா பாத்துக்கட்டுமுங்க." அன்றைக்கு மட்டும் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். காட்டு வெற்றிலையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதையே போட்டுருங்க நங்கை" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் பெண்ணுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது, அதுவும் என் இலையில்!

கோயமுத்தூரில் ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், படத்தைத் தகட்டில் ஏற்றி அச்சடிக்க ஜிங்க் பிளாக் செய்துகொடுக்கும் ஒரு பாய் இருந்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "நரம்பு ஒண்ணுகூட உடையாம எடுத்துத் தர்றேம்மா" என்றார். சொன்னபடியே தந்தார். மஞ்சளும் நீலமும் கலந்து பச்சை மை நானே குழைத்தேன். பத்திரிகையின் ஓரம் சுற்றி இலைகள், நடுவே தங்க நிற எழுத்து. எழுத்துகளை அடுக்கிக்கொடுத்தது நாத்தனார்தான், அவளுடைய சென்டரிலேயே. மாமியாரே கையில் வாங்கிப் பார்த்து, "பரவாயில்லியே" என்றார். அவர் வாயில் அது பெரிய சொல்.

முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, அடுத்தது சம்பந்தி வீட்டுக்கு. சம்பந்திக்காரருக்கு, அதாவது மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, அப்போது கண் ஆபரேஷன் நடந்து பச்சைத்துணி கட்டியிருந்தது. பத்திரிகையைத் தடவிப் பார்த்து, "வழவழன்னு இருக்குதுங்க" என்று நெஞ்சில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் ஊர் ஊராகப் போய் வைத்தோம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை, குங்குமம். வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வர வேண்டியதுதானே? ஒவ்வொரு வீட்டிலும் நான் இலையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். "இது சாதாரண வெத்தலை இல்லீங்க, காட்டு வெத்தலைங்க. சரணாலயத்துல மட்டுந்தான் கெடைக்குமுங்க. என்ற கையால எடுத்த அச்சுங்க." எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள். நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

பாதிக்கு மேல் கொடுத்து முடித்த சமயத்தில் ஒரு நாள் மத்தியானம் சம்பந்திக்காரர் தனியாக பஸ்ஸேறி வீட்டுக்கு வந்தார். கட்டு அவிழ்த்துக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கையில் மஞ்சப்பை. மாமியார் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மோர் குடித்தார், நலம் விசாரித்தார், மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏனுங்கம்மிணி, பத்திரிகைல இருக்கற எலை எங்கீங்க புடிச்சீங்க?" என்றார்.

நான் என்ன கண்டேன்! பாராட்டத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று நினைத்து முழுப் பிரசங்கத்தையும் ஆரம்பித்துவிட்டேன். காட்டு வெற்றிலை, சரணாலயம், மந்தி ஒடித்த கிளை, டெலிபோன் டைரக்டரி, எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் மஞ்சப்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னக் கிளையை எடுத்து மேசை மேல் வைத்தார். பக்கத்தில் பத்திரிகையை வைத்தார். அதே இலை. நரம்புக்கு நரம்பு அதே இலை.

"எங்க வேலியோரம் ஒண்ணு நிக்குதுங்க. எட்டிங்க இது."

எட்டி. பாலோடு குழைத்தாலும் இறங்காத கசப்பு. காயை அரைத்தால் விஷம். ஆகாத ஒன்றைச் சொல்ல எங்கள் பக்கம் எட்டிக்காய் என்பார்கள். அதைக் கல்யாணப் பத்திரிகையில் நாலு பக்கமும் தோரணம் கட்டி, மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வைத்து ஊர் ஊராகக் கொடுத்திருக்கிறேன். என் காது இரண்டும் பற்றி எரிந்தன. தறிச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "என்ற அக்காதான் ரெண்டு நாளா சோறு திங்கலீங்க. வெசத்தப் பத்திரிகைல போட்டு அனுப்பிருக்காங்க, இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. நாலு பேர் வாயில விழுகறதுக்கு முன்னால நீங்க ஒரு வழி பண்ணோணுமுங்க. இல்லீன்னா நாங்களும் ரோசனை பண்ணித்தான் ஆகோணும்."

அவர் தெரு முனை திரும்புவதற்குள் மாமியார் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். "வெளங்குமா இது? உன்ற எலையும் நீயும்! எம்புள்ள பொழப்புல எட்டியக் கொண்டாந்து அரைச்சுப்போட்டியே!" நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மானம் கப்பலேறியது கூடப் பெரிதில்லை. நின்றுபோன கல்யாணம் ஒன்று ஏற்கெனவே இருக்கிற பெண்ணுக்கு இரண்டாவதும் என் கையால் நிற்கப் போகிறதே!

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். மாமியார் அழுதுகொண்டே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்து, "அப்புடீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். கோபத்தில்தான் பேசவில்லை என்று நினைத்து இன்னும் குறுகிப்போனேன். இலையை எடுத்துக்கொடுத்தது அவள்தான் என்பதை மாமியாரிடம் நான் சொல்லவே இல்லை. பாவம், அவளுக்கு என்ன தெரியும், எல்லாப் பேச்சும் என்னோடு போகட்டும் என்று இருந்தேன். அத்தனை வெட்கத்திலும் அந்த ஒன்றில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

புதுப் பத்திரிகை அடிக்கலாம். அது ஒரு ராத்திரி வேலை. பழையதை என்ன செய்வது? வைத்த பத்திரிகையைத் திருப்பி வாங்கினால் கல்யாணம் நின்றதாக அர்த்தம். எங்கள் பக்கம் அதை யாரும் செய்ய மாட்டார்கள். தபாலில் புதுசை அனுப்பலாமென்றால், என்ன ஏதென்று பேச்சுக் கிளம்பும். கடைசியில் நானே சொன்னேன்: ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி நேரில் போகிறேன், தெரியாமல் செய்த தப்பு என்று என் வாயால் சொல்லிப் புதுசை வைத்துவிட்டு வருகிறேன். யானை மாலை போடுகிற பழைய அட்டையே அடித்தோம். அதற்கும் எழுத்து அடுக்கிக்கொடுத்தது நாத்தனார்தான். ஒரு பிழை இல்லாமல் அடுக்கிக்கொடுத்தாள்.

வீட்டுக்காரர் டி.வி.எஸ். ஓட்டினார், நான் பின்னால் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாசலிலும் அவர் வண்டியைத் துடைக்கிற மாதிரி பின்தங்கிவிடுவார். அவர் பேச்சு வராத மனுஷர். நான் மட்டும் உள்ளே போவேன். போன மாதம் பிரசங்கம் செய்த அதே நடுவீட்டில் நின்று, "அது காட்டு வெத்தலை இல்லீங்க, எட்டிங்க" என்று சொல்ல வேண்டும். ஒரு சித்தி வீட்டில் பத்திரிகை ரொம்ப அழகாக இருக்கிறதென்று டி.வி.க்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல அந்தச் சித்தி நகத்தால் அதைச் சுரண்ட ஆரம்பித்தாள். சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது. இன்னொரு வீட்டில், "நீங்க சொன்னீங்கன்னு பையங்கிட்டப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துவுட்டு டீச்சருகிட்டக் காட்டச் சொன்னனே அம்மணி" என்றார்கள். சிலர் கதவுக்கு வெளியிலேயே வாங்கிக்கொண்டார்கள். எட்டிக்காரி என்று எனக்கு ஒரு பெயர் வந்து, என் காதுக்கே வந்து சேர்ந்தது. உடுமலைக்குப் பக்கத்து அந்தியூரில் வீட்டுக்காரரின் மாமா ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாட்டுக்குக் கை வைத்தியம் பாக்கறப்ப எட்டிப் பட்டைதானம்மிணி நமக்குத் தெய்வம். போ, உன்னால ஒரு கெடுதலும் வராது" என்றார். திட்டினவர்கள் முன்னால் அழாதவள், அவர் சிரித்ததும் அழுதுவிட்டேன்.

கடைசியாக உடுமலைப்பேட்டைக்குப் போனோம். சம்பந்திக்காரரின் அக்கா உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் நடிக்கவில்லை. நின்ற இடத்தில் சரிந்து அவர் காலடியில் உட்கார்ந்து, "எம்மேல கோவப்படுங்க, அந்தப் புள்ளைய வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தங்கமான புள்ளைங்க. இது நின்னுதுன்னா எங்க அத்தை உசுரோட இருக்க மாட்டாங்க" என்று அரற்றினேன். என் கண்ணீர் அவர் பாதத்தில் விழுந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் என் தலையில் ஒரு கை வந்தது. "அளுகாத கண்ணு. தெரியாமச் செஞ்சதுதான. போய் வேலையப் பாருங்க" என்றார். சம்பந்திக்காரர் வெளியே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நான் வந்த வரத்தைப் பார்த்திருக்க வேண்டும். படியேறும்போதே கத்தினேன். மாமியார் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். நாத்தனார் அச்சகத்தில் எழுத்துப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, எல்லாம் செரியாப் போச்சு. சம்பந்திக்காரரோட அக்காவே செரின்னுட்டாங்க!"

"நெசமாலுமே செரின்னுட்டாங்களா?"

"என்ற தலைல கைய வெச்சுச் சொன்னாங்க."

கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். மறுபடி பிரித்தாள். "செரீங்க நங்கை" என்றாள். சந்தோஷத்தில் வார்த்தை வரவில்லை என்று நினைத்தேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட மார்க் அது.

கல்யாணம் உடுமலைப்பேட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. காலை முகூர்த்தம். பெண்ணின் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். மாமியாரும் மற்ற பெண்களும் சீர்த் தட்டுகளை எண்ணப் போயிருந்தார்கள். நான் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு அவள் ஜடைக்குப் பூ வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. மேக்கப் போட வந்த பெண், உதட்டுச் சாயம் கலையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்ததால் உதட்டை அதிகம் அசைக்காமல் பேசினாள்.

"நங்கை, அது எட்டின்னு எனக்குத் தெரியுமுங்க."

ஊசியை வாயிலிருந்து எடுத்தேன். "எப்பத் தெரியும்?"

"நீங்க தரையில பரப்பி வெச்சிருந்தப்பவே. சின்னதுல லீவுக்குப் பெரியம்மா ஊட்டுக்குப் போனா ஆடு முடுக்கறது நாந்தானுங்களே. எட்டி தெரியாதுங்களா எனக்கு?"

"தெரிஞ்சு எதுக்கு கண்ணு அதை எடுத்தே?"

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "எனக்குக் கல்யாணம் வேண்டாமுங்க. மாப்பிள்ளை நல்லவருதான், அவர் மேல ஒண்ணுமில்லீங்க. எனக்கு வேலைக்குப் போய்ட்டு வந்துட்டு இப்புடியே இருந்தாப் போதும்னு இருந்துச்சுங்க. அதைச் சொல்ல வாய் வரலீங்க. மொதக் கல்யாணம் நின்னதுக்கே அம்மா அரை உசுராயிட்டாங்க. மறுக்கா என்ற வாயால நின்னா என்ன ஆகறது? அந்த எலையப் பாத்துட்டு அவியளே வேண்டாம்னு போயிட்டா ஆருக்கும் பொல்லாப்பு இல்லீன்னு நெனச்சுட்டேனுங்க."

உள்ளறையில் சம்பந்திக்காரரின் அக்கா காலடியில் நான் அழுதது கண்ணுக்குள் வந்தது. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க என்று நான்தான் சொன்னேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வீடு வீடாகப் போய், வாசல் வாசலாக நின்று, அவள் வெளியேற இருந்த ஒரே வழியை நான்தான் பூசி மெழுகி அடைத்துவிட்டு வந்திருந்தேன். என் மானத்தை மீட்டுக்கொள்ளத்தான் அந்தப் பாடு. அவளுக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"உங்களுக்கு இத்தன பேச்சு வாங்கிக் குடுத்துப்போட்டேன்" என்றாள் அவள். "எட்டிக்காரின்னு சொல்றாங்களாமா. ஒருத்தருகிட்டக்கூட நாந்தான் எடுத்தேன்னு நீங்க சொல்லலீங்களாமா. மன்னிச்சுக்கோங்க நங்கை."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்.

வெளியே மேளம் வேகமெடுத்தது. "ஏனுங்க, பொண்ணக் கூட்டியாங்க, நேரமாச்சு" என்று யாரோ கதவைத் தட்டினார்கள். இன்னும் தாலி ஏறவில்லை. வேண்டாம் அம்மணி, வா, நான் சொல்கிறேன் என்று சொல்ல அந்த நிமிஷம்கூட எனக்கு இருந்தது. ஊர் முழுக்கக் கத்திப் பேசுகிறவள் நான். வாயைத் திறந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் மாமியாரின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தலையைச் சித்தெ நிமுத்து கண்ணு, பூச் சாயுது" என்றேன்.

நிமிர்த்தினாள். கடைசிப் பூவைத் தைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அவள் கையைப் பிடித்து மேடைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சம்பந்திக்காரர் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்க, என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.